சனிக்கிழமை வகுப்பு

சுவாமே, குமாசி
12 அக்டோபர் 1996

அன்புள்ள தம்பி என்சியாவுக்கு,

அக்கா அஃப்ராகோமா எழுதுவது. இங்கே எல்லாரும் சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருக்கிறோம். உனக்குக் காய்ச்சல் விட்டதா? கொசுவலையைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்காதே, கட்டிப் படு.

பாடு மாமாவின் முழங்கால் வலி மழையோடு வந்தது, மழையோடு போய்விட்டது. சர்போமா அத்தை உனக்கு வறுத்த நிலக்கடலை கொடுத்து அனுப்பியிருக்கிறார். டிரைவர் அடோமாகோ வழியில் கொறிக்காமல் இருந்தால் உன் கைக்கு வரும்.

மாமாவுக்கு ஒரே கேள்விதான். கடைசி வருஷத்துக்கு என்னென்ன பாடம் எடுத்திருக்கிறாய்? பெயர்களையெல்லாம் எழுதி அனுப்பு. போன வருஷம் நீ எழுதியதை மாமா கடையில் உரக்க வாசித்தேனே, ஞாபகம் இருக்கிறதா? 'சந்தையியல்' என்றதும் கிளட்ச் தட்டு வாங்க வந்த லாரிக்காரர், "சந்தைக்குப் போறதுக்குப் பல்கலைக்கழகமா? என் பொண்டாட்டி தெனம் போறாளே, அவளுக்கு யாரு பட்டம் குடுத்தா?" என்று கேட்டார். மாமா விடுவாரா? "உன் பொண்டாட்டி போறா. சனங்க ஏன் போறாங்கன்னு என் மருமகன் படிக்கிறான்" என்றார். அந்த ஆள் தட்டை விலை பேசாமலே வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை எஜிசுவில் மாமாவின் சிநேகிதருக்குச் சாவுச் சடங்கு. மைக்கில் மொய் வாசிக்க வழக்கம்போல நீதான். உன் கறுப்புத் துணியை இஸ்திரி போட்டு மடித்து வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்கால வண்டியில் வந்துவிடு, மேனேஜர்.

உன் அக்கா,
அஃப்ராகோமா


மாணவர் விடுதி, அக்ரா
3 நவம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதமும் முக்கால் பொட்டலம் நிலக்கடலையும் கிடைத்தன. காய்ச்சல் விட்டுவிட்டது. மாமா, அத்தை, நீங்கள் எல்லாரும் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி.

பாடங்களைக் கேட்டிருந்தீர்கள். நிறுவனக் கொள்கை, வணிகச் சட்டம் இரண்டாம் நிலை, ஏற்றுமதி நிர்வாகம், செலவுக் கணக்கியல். இன்னும் ஒன்றிரண்டு முடிவாகவில்லை. எங்கள் பாட ஆலோசகர் லாம்ப்டி அம்மா என் நாலு வருஷப் பாடக் கட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

எஜிசுவுக்கு வர முடியாமல் போனதற்கு மாமாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். இந்தப் பருவத்தில் சனிக்கிழமை காலையில் ஒரு வகுப்பு விழுந்துவிட்டது. தவிர்க்க முடியாத வகுப்பு. கிறிஸ்துமஸ் வரை எந்தச் சனிக்கிழமையும் வர இயலாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் தம்பி,
என்சியா


சுவாமே, குமாசி
20 நவம்பர் 1996

அன்புள்ள தம்பிக்கு,

ஒற்றைப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய், அக்ராவில் காகிதப் பஞ்சமா? இங்கே சுகம். உன் சுகம் எப்படி என்று நீ சரியாகச் சொல்லவில்லை.

எஜிசுவில் நீ இல்லாமல் மாமா முகத்தில் களையே இல்லை. மைக்கைப் பெரியம்மா மகன் போவாச்சி பிடுங்கிக்கொண்டான். உயிரோடு மொய் கொடுத்த ஒரு கிழவரை 'காலஞ்சென்ற' என்று வாசித்துவிட்டான். கிழவர் எழுந்து, "டேய், நான் இன்னும் ஃபூஃபூ சாப்பிட்டுட்டுத்தான்டா இருக்கேன்" என்று கத்த, செத்தவர் வீட்டார்கூடச் சிரித்துவிட்டார்கள்.

பாடப் பெயர்களைக் கடையில் வாசித்தேன். நிறுவனக் கொள்கைக்கு நல்ல வரவேற்பு. செலவுக் கணக்கியல் என்றதும் மாமா நிறுத்தச் சொன்னார். "இந்தப் பேரை ரெண்டாம் வருஷமே எழுதியிருந்தானே? இப்ப மறுபடி எதுக்கு?" என்று கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை. அது இரண்டாம் பாகமா? மாமாவுக்குப் பதில் எழுது, தினமும் கேட்கிறார்.

அன்புடன்,
அக்கா


மாணவர் விடுதி, அக்ரா
9 டிசம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். எல்லாரும் நலமென்று நம்புகிறேன்.

ஆம், அது இரண்டாம் பாகம்தான். மாமாவிடம் அப்படியே சொல்லுங்கள். தேர்வு நெருங்குவதால் கிறிஸ்துமஸுக்கு இங்கேயே தங்கிப் படிக்கப்போகிறேன். அத்தையின் கோழிக்குழம்பை நினைத்துக்கொண்டு சாப்பிடுவேன்.

மாமாவின் முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி அடோமாகோவிடம் கொடுத்திருக்கிறேன்.

தம்பி,
என்சியா


சுவாமே, குமாசி
28 ஜனவரி 1997

என் தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கை வரவில்லை. நான் எழுந்து நடமாடுகிறேன், அவ்வளவுதான். நீ கொடுத்தனுப்பிய தைலத்தில் பாதி அப்படியே இருக்கிறது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடையில் பிரேக் எண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

மாமாவின் எட்டாம் நாள் துக்கத்துக்கு வந்த நீ, குடும்பக் கூட்டம் முடிவதற்குள் சாயங்கால வண்டியைப் பிடித்து ஓடிவிட்டாய். யாரிடமும் சரியாகப் பேசவும் இல்லை. அழுது அழுது பேச்சு வரவில்லை என்று நான்தான் எல்லாரிடமும் சமாளித்தேன்.

கூட்டத்தில் முடிவானதைச் சொல்கிறேன், கவனமாகக் கேள். மாமா சாவதற்கு முன் என்னிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "என் மருமகன் பட்டமளிப்பு அங்கி போட்டுக்கிட்டு என் பெட்டிக்கு முன்னால நடக்கணும். அதுவரைக்கும் என்னைப் புதைக்காதீங்க" என்றார். அதைக் கூட்டத்தில் சொன்னேன். குடும்பத் தலைவர் ஜெபி பெரியவர், "செத்தவன் வார்த்தைக்கு மேல பேச்சில்ல" என்று முடித்துவிட்டார். உன் பட்டமளிப்பு விழா முடிந்து வரும் முதல் சனிக்கிழமை அடக்கம். அதுவரை மாமா ஆஸ்பத்திரிக் குளிர் அறையில் இருப்பார். உன் படிப்புச் செலவு கடையிலிருந்தே வரும், அதையும் ஒத்துக்கொண்டார்கள்.

உன் வேலை படிப்பது ஒன்றுதான். வேறு எதையும் யோசிக்காதே.

அக்கா


சுவாமே, குமாசி
16 மார்ச் 1997

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. என் கடிதம் வந்ததா? அடோமாகோவைக் கேட்டால், "கையில குடுத்தேன், வாங்கிப் படிச்சாரு, அப்படியே படியில உக்காந்துட்டாரு" என்கிறார். மாமாவின் ஆசையைப் படித்து மனம் உடைந்திருப்பாய். எனக்குப் புரிகிறது.

நாங்கள் சுகம். சர்போமா அத்தை இன்னும் மாமா வீட்டில்தான். அடக்கம் முடிகிறவரை மனைவி இருக்கலாம், அதன்பின் வீடு தாய்வழியில் நம் குடும்பத்துக்கு என்பது உனக்குத் தெரிந்ததுதான். துணி எடுத்தாகிவிட்டது, கறுப்பும் சிவப்பும். உனக்குக் கறுப்பு அங்கியே போதும் என்று எடுக்கவில்லை.

விழா எந்தத் தேதி? ஜெபி பெரியவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். பந்தல்காரர், இசைக்குழு, மைக்செட், எல்லாரும் தேதி கேட்கிறார்கள். சீக்கிரம் எழுது.

அக்கா


மாணவர் விடுதி, அக்ரா
6 ஏப்ரல் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். உடம்பு நலம்தான். நீங்களும் அத்தையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தேதி இன்னும் அறிவிக்கவில்லை. அக்கா, ஒன்று கேட்கலாமா? மாமாவை அவ்வளவு காலம் அங்கே வைத்திருக்கத்தான் வேண்டுமா? மின்விசிறிக் காற்றையே தாங்க மாட்டார். வாடைக்காற்றுக் காலத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தவர். அவரைப்போய்க் குளிர் அறையில் போட்டுவிட்டு ஒரு அங்கிக்காகக் காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கி வெறும் துணிதானே? பெரியவர்களிடம் பேசி இந்த மாதமே முடித்துவிட்டால் என்ன? நானே வந்து எல்லா வேலையும் பார்க்கிறேன்.

யோசித்துச் சொல்லுங்கள்.

தம்பி,
என்சியா


சுவாமே, குமாசி
25 ஏப்ரல் 1997

என்சியாவுக்கு,

நான் சுகமாக இல்லை, உன் கடிதத்தால். வெறும் துணியாமே! சேற்றில் இறங்கி லாரிக்கு அடியில் படுத்து எழுந்த மனிதர் உன்னைப் படிக்க வைத்தது வெறும் துணிக்கா?

போஸ்டர் அச்சாகி வந்துவிட்டது. நடுவில் மாமா, சுற்றிலும் நாமெல்லாரும். உன் படம் மேல் வரிசையில், அதன் கீழே 'வணிகப் பட்டதாரி'. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது. சுவாமே முழுக்க ஒட்டியாகிவிட்டது. கொனொங்கோ போகும் லாரிகளின் பின்பக்கத்திலும் நீ போய்க்கொண்டிருக்கிறாய்.

இனி என்ன எழுதினாலும், அந்தக் கூட்டத்தைத் திரும்பக் கூட்டு என்று மட்டும் என்னிடம் கேட்காதே. என்னால் முடியாது. ஏன் என்றும் கேட்காதே.

சர்போமா அத்தை சொல்லச் சொன்னது: "பையனை அவசரப்படுத்தாதீங்க. நிதானமாப் படிக்கட்டும்." அத்தைக்கு இருக்கிற பொறுமை உனக்கு இல்லை.

அக்கா


மாணவர் விடுதி, அக்ரா
2 ஜூன் 1997

அக்காவுக்கு,

உங்கள் நலம் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். இந்தக் கடிதத்தைக் கடையில் வாசிக்காதீர்கள். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படியுங்கள்.

இந்த வருஷம் எனக்குப் பட்டம் கிடையாது.

இது போன அக்டோபரிலேயே எனக்குத் தெரியும். முதல் வருஷம் சேர்ந்த புதிதில், எந்தப் பருவத்தில் எந்தப் பாடம் என்று நாலு வருஷத்துக்கும் பெரிய காகிதத்தில் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினேன். பார்க்க வந்த பையன்களெல்லாம் மெச்சினார்கள். அதில் ஒரு கட்டம்கூடச் சனிக்கிழமையில் விழாமல் பார்த்துக்கொண்டேன். ஏன் தெரியுமா? சனிக்கிழமை நம் ஊரில் சாவுச் சடங்கு. எனக்கு மைக் வேண்டும்.

இரண்டாம் வருஷம் செலவுக் கணக்கியல் வகுப்பு சனிக்கிழமை காலையில் வந்தது. அடுத்த வருஷம் எடுக்கலாம் என்று தள்ளினேன். உங்களுக்கு மட்டும் எடுத்ததாக எழுதிவிட்டேன். மூன்றாம் வருஷமும் அது சனிக்கிழமைதான். மறுபடி தள்ளினேன். லாம்ப்டி அம்மா இரண்டு தடவை கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, இது வாசக்கதவு. இதத் தாண்டாம நிதி நிர்வாகத்துக்குள்ள போக முடியாது. அது வருஷத்துக்கு ஒரு தடவை, முதல் பருவத்துலதான் நடக்கும்." சரி சரி என்று தலையாட்டிவிட்டு வெள்ளிக்கிழமை வண்டியைப் பிடித்தேன்.

மாமா வரச் சொன்னார், அதனால் வந்தேன் என்று சொல்லிவிடலாம். அது பொய். வகுப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரே என்னைத் திருப்பி அனுப்பியிருப்பார். எனக்குத்தான் அந்த மொய் மேசை பிடித்திருந்தது. நான் மைக்கைத் தட்டினால் கூட்டம் அடங்கும். "யாரு இந்தப் பையன்?" என்று யாராவது கேட்பார்கள். மாமா நிமிர்ந்து உட்கார்ந்து, "என் மருமகன். வணிகம் படிக்கிறான்" என்பார். அதைக் கேட்பதற்காகவே ஒவ்வொரு வாரமும் வந்தேன். வணிகம் படிக்கிறான் என்று அவர் சொல்வதைக் கேட்க, படிக்க வேண்டிய வகுப்பை விட்டுவிட்டு வந்தேன்.

கடைசியில் போன பருவம் அதை எடுத்தேன். இரண்டாம் வருஷப் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்து படித்தேன். நல்ல மதிப்பெண்ணில் தேறினேன். முடிவு வந்தபோது மாமா இல்லை. இருந்திருந்தாலும் எப்படிச் சொல்வது? இரண்டாம் பாகம் என்று அவரிடம் சொல்ல வைத்தேனே.

நிதி நிர்வாகத்துக்காக இன்னும் ஒரு வருஷம் இருக்க வேண்டும். என் அறைத்தோழன், "என் அங்கியை எடுத்துட்டுப் போ. நடந்துட்டுக் கொண்டாந்து குடு. கறுப்பு அங்கியில பேரா எழுதியிருக்கு?" என்கிறான். நேற்று அதைப் போட்டுப் பார்த்தேன். எனக்கு அளவாக இருந்தது. அளவாக இருந்ததுதான் அசிங்கமாக இருந்தது, உடனே கழற்றிவிட்டேன்.

மாமா அந்தக் குளிரில் எனக்காகக் கிடக்கிறார். அவருடைய கடைசி ஆசையைக்கூட நான் கெடுத்துவிட்டேன். திட்டுங்கள் அக்கா, ஆனால் பதில் எழுதுங்கள்.

என்சியா


சுவாமே, குமாசி
3 ஆகஸ்ட் 1997

தம்பிக்கு,

இரண்டு மாதம் உன்னைக் காக்க வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். முதல் வாரம் கோபம்தான். அடோமாகோ ஒவ்வொரு முறையும் வந்து, "லெட்டர் இருக்கா? அந்தப் பையன் பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கிறான்" என்பார். இல்லை என்று தலையாட்டுவேன். திட்டி எழுத உட்காருவேன், இரண்டு வரிக்கு மேல் போகாது. உன்னைத் திட்ட நான் யார்?

என்சியா, மாமா எந்த ஆசையும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை விழுந்தவருக்கு வாய் கோணிப்போயிற்று. திங்கட்கிழமை போகிறவரை ஒரு வார்த்தை வரவில்லை. ஊற்றிய தண்ணீர்கூட ஓரமாக வழிந்துவிட்டது. அங்கி, பெட்டி, முன்னால் நடப்பது, எல்லாம் நான் கட்டியது.

கூட்டத்தன்று விடிகாலையில் பெரியவர்கள் தனியாகப் பேசிக்கொண்டதை நான் கேட்டுவிட்டேன். இரண்டு மூன்று வாரத்தில் அடக்கம் செய்துவிடுவது, கடையைப் போவாச்சிக்குக் கொடுப்பது, உன் படிப்பை நிறுத்துவது என்று பேசினார்கள். "நாலு வருஷம் தின்னது போதும். வந்து நட்டு போல்ட்டு விக்கட்டும்" என்றார் ஜெபி பெரியவர். கடைசி வருஷத்தில், பட்டம் கைக்கு எட்டுகிற நேரத்தில்! எனக்கு வேறு வழி தெரியவில்லை. நாங்கள் சொன்னால் கேட்க மாட்டார்கள், செத்தவர் சொன்னால் கேட்பார்கள். அதனால் செத்தவரைப் பேச வைத்தேன்.

இப்போது ஆஸ்பத்திரி வழியாகப் போகும்போது துணியால் முகத்தை மூடிக்கொள்கிறேன். அம்மா இல்லாத நம் இரண்டு பேரையும் தூக்கி வளர்த்தவரின் வாயில் பொய்யை வைத்தேன். ஒரு சனிக்கிழமைகூட நிம்மதியாக விடிவதில்லை.

அத்தைக்கும் தெரியும். கட்டில் பக்கத்திலேயே இருந்தவர் அவர்தானே. கூட்டத்தில் நான் சொன்னபோது என்னை நிமிர்ந்து பார்த்தார், பிறகு குனிந்துகொண்டார். அடக்கம் முடிந்தால் மறுநாள் மூட்டை கட்ட வேண்டும் அல்லவா? எனக்கு உன் பட்டம், உனக்கு உன் மானம், அத்தைக்குக் கூரை. மூன்று பேரும் சேர்ந்து ஒரு மனிதரைப் புதைக்கவிடாமல் பிடித்து வைத்திருக்கிறோம்.

இதைப் பெரியவர்களிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உன் தோழனின் அங்கியை வாங்கிக்கொண்டு வா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் போட்டுக்கொள். மாமா மண்ணுக்குள் போகட்டும். அதற்கப்புறம் நீ படித்து முடி, யாருக்கும் தெரியாது. கெஞ்சிக் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மாணவர் விடுதி, அக்ரா
17 ஆகஸ்ட் 1997

அக்காவுக்கு,

நான் நலம். இந்த வார்த்தையை இன்றைக்குத்தான் பொய்யில்லாமல் எழுதுகிறேன்.

அங்கி வேண்டாம். ஆகஸ்ட் 30, சனிக்கிழமை நான் வருகிறேன். குடும்பத்தைக் கூட்டச் சொல்லுங்கள். நான் கூட்டச் சொன்னதாகவே சொல்லுங்கள். எனக்குப் பட்டம் இல்லை, காத்திருந்து பயனில்லை, மாமாவைப் புதைத்துவிடுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். என் தப்பை மட்டும் சொல்வேன். உங்கள் விஷயம் என் வாயிலிருந்து வராது. நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். திட்டு முழுவதும் எனக்கே விழட்டும், நீங்கள் எனக்காகத்தானே செய்தீர்கள்.

அத்தையை முகம் பார்த்துப் பேச எனக்கு வெட்கமாக இருக்கிறது. வணக்கம் சொல்லுங்கள்.

தம்பி,
என்சியா


சுவாமே, குமாசி
14 செப்டம்பர் 1997

அன்புள்ள தம்பிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தாயா, சாப்பிடுகிறாயா? நான் சாப்பிடுகிறேன். அத்தையும் நலம். இதை அத்தை பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருக்கும் முற்றத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அன்று நீ எல்லார் முன்னாலும் நின்று சொன்னபோது உன் குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை. 'மைக் பிடித்த பையனா இது' என்று யாரோ முணுமுணுத்தது உன் காதிலும் விழுந்திருக்கும். பெரியவர் உன்னை வெளியே போகச் சொன்னார், நீ அப்படியே வண்டி ஏறிவிட்டாய். அதன்பின் நடந்தது உனக்குத் தெரியாது.

ஜெபி பெரியவர் நீ போன வாசலையே பார்த்தார். பிறகு சொன்னார்: "பையன் தப்புப் பண்ணிட்டான். செத்தவன் என்ன தப்புப் பண்ணினான்? அவன் கேட்டது ஒன்னே ஒன்னு. அங்கி போட்ட மருமகன். இன்னும் ஒரு வருஷம் ஆகும்னா ஆகட்டும். காத்திருப்போம்." எல்லாத் தலையும் ஆடியது.

இன்னும் ஒரு வருஷமா? நீ உன் மானத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போன இடத்தில் நான் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அத்தையைப் பார்த்தேன், அத்தை தரையைப் பார்த்தார். மாமாவின் ஸ்வெட்டர் ஞாபகம் வந்தது. எழுந்துவிட்டேன்.

"மாமா ஒன்னும் சொல்லல. அவரால பேசவே முடியல. நான்தான் சொன்னேன்" என்றேன்.

முதலில் வாய் திறந்தது போவாச்சி. "நான் அப்பவே நெனச்சேன்." பெரியவர் திரும்பி, "நீ என்னைக்குடா நெனச்ச? உக்காரு" என்றார். பிறகு அத்தையிடம், "நீ பக்கத்துல இருந்தவ. உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். அத்தை நிமிர்ந்து, "எட்டு மாசமா அந்த வீட்டுல இருக்கேனே, அதுதான் என் பதில்" என்றார்.

அதற்கப்புறம் நான் கேட்ட வார்த்தைகளை எழுத மாட்டேன். கேட்க வேண்டியவைதான். செத்தவர் வாயில் பொய் வைத்ததற்குப் பரிகாரமாக ஒரு ஆடும் ஒரு பாட்டில் சாராயமும் கொடுத்தேன். கடை போவாச்சிக்கு. எந்த சாமான் எந்தப் பெட்டியில் என்று அவனுக்குத் தெரியாததால் என்னையும் உட்காரச் சொல்லியிருக்கிறான். அவன் முதலாளி, நான் வழிகாட்டி. உன் கடைசி வருஷச் செலவைப் பற்றிப் பெரியவர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கடையிலிருந்து நான் எடுத்து அனுப்புவேன், அவர் பார்க்காத மாதிரி இருப்பார் என்று நினைக்கிறேன். குறைந்தால் துணி தைப்பேன்.

அடக்கம் முடிந்ததும் அத்தை தெச்சிமானில் அண்ணன் வீட்டுக்குப் போகிறார். நான் காலில் விழப்போனேன், பிடித்து நிறுத்திவிட்டார். "உன் பொய்யில எட்டு மாசம் குடியிருந்தேன்டி, வாடகைகூடக் குடுக்கல" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு இருவரும் அழுதோம்.

அடக்கம் அக்டோபர் 4, சனிக்கிழமை. அன்று வகுப்பு இருந்தால் லாம்ப்டி அம்மாவிடம் கேட்டுவிட்டு வா. கேட்காமல் வராதே. மைக் உனக்குக் கிடையாது, போவாச்சிதான் வாசிப்பான், யாரையாவது சாகடிப்பான். நீயும் நானும் கடைசி வரிசை.

பெரியவர் எனக்கு இன்னொரு வேலையும் கொடுத்தார். போஸ்டரில் உன் படத்துக்குக் கீழே உள்ள அந்த இரண்டு வார்த்தையை நானே என் கையால் அழிக்க வேண்டும். தார் டப்பாவும் பிரஷும் எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் சுவாமே முழுக்கச் சுவர் சுவராகப் போனேன். தெரிந்தவர்கள்தான் எல்லாரும். "என்ன அஃப்ராகோமா, அச்சுல தப்பாயிருச்சா?" என்று கேட்டார்கள். "இல்ல, எங்க தப்பு" என்று சொல்லிச் சொல்லி வாய் வறண்டுவிட்டது. கொனொங்கோ லாரிகளையும் நிறுத்தி ஏறி அழித்தேன்.

ஒன்றே ஒன்று பாக்கி. கடைக்குள் கதவுக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்தது. பிரஷைத் தூக்கினேன், கை போகவில்லை. மாமா நடுவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், மேலே நீ. பின்னால் திரும்பினால் போவாச்சி நிற்கிறான். போய்ப் பெரியவரிடம் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். அவனோ கதவை அகலத் திறந்து சுவரோடு சுவராகத் தள்ளி, திரும்ப வராமல் ஒரு பழைய பல்சக்கரத்தை அண்டக் கொடுத்தான்.

பகலெல்லாம் கதவு அப்படித்தான் இருக்கிறது, பின்னால் போஸ்டர் இருப்பது யாருக்கும் தெரியாது. சாயங்காலம் பூட்டுவதற்காகக் கதவை இழுக்கும்போது மட்டும் நான் பார்க்கிறேன். பார்க்கும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்த வருஷத்துப் பாடங்களின் பெயர்களை எழுதி அனுப்பு. எடுத்த பாடங்களை மட்டும் எழுது. கடையில் வாசிக்க மாட்டேன். பூட்டுகிற நேரத்தில், அந்தக் கதவுக்குப் பின்னால் நின்று மாமாவுக்கு மட்டும் வாசிக்கிறேன்.

உன் அக்கா,
அஃப்ராகோமா